குரோமைட்டும் கேசரியும்

தபித்தாள் தோட்டத்தில் சுரங்கம் வராது என்று தெரிந்த அன்றைக்கு, பக்கத்து ஊட்டு மருதாம்பாள் கேசரி கிண்டித் தெரு முழுக்கக் கொடுத்தாள். நெய் வேறு தாராளம். அடுத்தவள் வாயில் மண் விழுந்ததற்கு இப்படியா கொண்டாடுவார்கள்?

இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. சரிவில் மேலே தபித்தாளின் தேயிலை, கீழே மருதாம்பாளின் ஊடு. கோழி வந்தது, குப்பை பறந்தது என்று விடிந்தால் வேலியில் சண்டை. அரவேணு பஸ்ஸில் போகிறவர்கள்கூட எட்டிப் பார்ப்பார்கள்.

இந்த முறை வினையைக் கிளப்பியது ஒரு கல். தகரக் கூரை காற்றில் பறக்காமல் இருக்க மருதாம்பாள் மேலே வைத்திருந்த கறுப்புக் கல். பாறை ஆராய்ச்சிக்கு வந்திருந்த ஆபீசர் கீர்த்திவாசன் அதைக் கையில் எடுத்ததும் முகம் மலர்ந்துபோனார். சிறிய கல்லுக்கு அத்தனை கனம். குரோமைட்டாம். எஃகு துருப்பிடிக்காமல் இருக்க இதிலிருந்துதான் குரோமியம் எடுத்துச் சேர்க்கிறார்களாம்.

எங்கே எடுத்ததென்று கேட்டார். ஓடையில் என்றாள் மருதாம்பாள். ஓடைக்கல் என்றால் முனை மழுங்கியிருக்கும், இது மேலே தோட்டத்திலிருந்து உருண்டு வந்ததுதான் என்றார். அவள் சத்தியமே பண்ணினாள்.

ஊருக்கு விளங்கிவிட்டது. தாது கிடைத்தால் தபித்தாளின் நிலத்துக்கு நல்ல விலை வரும், கோயமுத்தூரில் மகள் பக்கத்திலேயே ஊடு வாங்கிக்கொண்டு போய்விடுவாள். அது மருதாம்பாளுக்குப் பொறுக்கவில்லை. வயிற்றெரிச்சல்!

ஆபீசர் விடவில்லை. தோட்டத்து ஓரமாகப் பள்ளம் வெட்டினார். கறுப்புப் பாறை தெரிந்தது. ஆனால் இந்தத் தாது நீளமாக ஓடாதாம், மொச்சைக்கொட்டை மாதிரி அங்கங்கே அடைந்து கிடக்குமாம். கொஞ்சம் தோண்டியதும் தேய்ந்து காணாமல் போய்விட்டது. ஒரு லாரிக்குக்கூடத் தேறாது என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டுவிட்டார்.

அதற்குத்தான் இந்தக் கேசரி.

விஷயம் கேள்விப்பட்டு தபித்தாள் வேலியருகே வந்து நின்றாள். தெருவே காது கொடுத்தது.

"என்ற நெலம் வெல போகலைன்னு உனக்கு அத்தனை சந்தோசமா?"

மருதாம்பாள் கரண்டியைக் கீழே வைத்தாள். கண் கலங்கிவிட்டது.

"வெல போனா நீயும் போயிருவியே புள்ள. அப்புறம் நான் யாருகூடச் சண்ட போடறது?"

 தபித்தாள் வேலிக்கு மேலே கையை நீட்டி, கேசரித் தட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

"உன்ற ஓடைப் பொய்யாலயா அந்தாளு போனாரு? ஒண்ணும் கெடைக்கக் கூடாதுன்னு தெனமும் சர்ச்சுல முட்டி போட்டு ஜெபம் பண்ணுனது நானாக்கும்!"