ஸ்பேனர் விழவேண்டிய இடம்

விசில் ஊதியாகிவிட்டது. ஸ்பேனரை விடவேண்டிய இடமும் வந்துவிட்டது.

சிவநேசனின் விரல்கள்தான் விரியவில்லை.

ஒற்றைச் சக்கர சைக்கிள் வலது பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. விழுவதற்கு முன் குதித்து இறங்கினார். சைக்கிள் சிமெண்டுத் தரையில் உருண்டு சுவரோரம் போய்ப் படுத்தது. தோளில் குழாய் அப்படியே இருந்தது. கையில் ஸ்பேனரும் அப்படியே இருந்தது.

இது ஆறாவது தடவை.

"அண்ணே, விடுங்கலா! அது என்ன கோழி முட்டையா?" என்று கத்தினாள் சிந்தியா.

ஆர்மேனியன் ஸ்திரீட்டுக்குப் பின்னால் இருக்கும் இந்தப் பழைய கிடங்கை வாடகைக்குப் பிடித்து, சுற்றுப்பயணிகளுக்கு வித்தை காட்டும் குழு ஒன்றை அவள் நடத்துகிறாள். மேடைக்குக் குழாய் பூட்ட வந்தவர்தான் சிவநேசன். சாப்பாட்டு நேரத்தில் சும்மா அந்தச் சைக்கிளில் ஏறிப் பார்த்தார். மூன்றே வாரத்தில் ஓட்டப் பழகிவிட்டார். கட்டடச் சாரத்துப் பலகை மேல் இருபது வருடம் நடந்த கால்.

அதைப் பார்த்துத்தான் சிந்தியா இந்த வேடத்தைக் கொடுத்தாள். பழுது பார்க்க வருகிற ஆள். சாமான்களைச் சுமந்துகொண்டு ஒற்றைச் சக்கரத்தில் வருவான். ஒவ்வொன்றாக விழும். ஆள் மட்டும் விழமாட்டான். சனம் சிரிக்கும்.

சொல்வதற்கு லேசுதான்.

இடுப்பில் சாமான் பை. இடது முழங்கையில் வாளி. வலது தோளில் ஆறடிக் குழாய். வலது கையில் ஸ்பேனர். விழுந்தால் சத்தம் கேட்கவேண்டும் என்று நிஜ ஸ்பேனரையே கொடுத்திருந்தாள். வாளி இடது பக்கம் விழுந்த மறு நொடியே ஸ்பேனர் வலது பக்கம் விழவேண்டும். இல்லாவிட்டால் பாரம் ஒரு பக்கமாகி, சக்கரம் கவிழ்த்துவிடும்.

வாளி தானாக நழுவிவிடும். ஸ்பேனரைக் கைதான் விடவேண்டும்.

நாளைக்கு முதல் ஷோ.

சாரத்தில் ஏறுவதை சிவநேசன் நிறுத்தி இரண்டு வருடமாகிறது. அதற்குப் பிறகு மீன் மார்க்கெட்டில் ஐஸ் பெட்டி தூக்கித் தூக்கி முதுகு போய்விட்டது. தரையை விட்டு மூன்றடிக்கு மேல் போகாத வேலை என்று கிடைத்தது இது ஒன்றுதான். இதுவும் போனால் மறுபடியும் ஐஸ் பெட்டிதான்.

"இன்னும் ஒரு வாட்டிதாண்ணே. வரலன்னா ஜெஃப்ரிய போட்டுருவேன். கோவிச்சுக்காதீங்க."

பந்து வித்தை காட்டும் ஜெஃப்ரி, மேடைத் தட்டிக்குப் பின்னால் நின்று கறிபாப் தின்றுகொண்டிருந்தான். தட்டிக்கு மேலே அவன் குரல் மட்டும் வந்தது.

"ராத்திரி அந்த ஸ்பேனர கட்டிக்கிட்டுத்தான் தூங்குவாரு போல."

சிவநேசனுக்குக் கோபம் வந்தது. ஜெஃப்ரி மேல் இல்லை. சொந்தக் கையே சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்றால் யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது?

வாளியை முழங்கையில் மாட்டினார். குழாயைத் தோளில் போட்டார். தூணைப் பிடித்து ஏறி, முன்னும் பின்னும் இரண்டு மிதி மிதித்துப் பாரத்தைச் சரி செய்துகொண்டு கிளம்பினார்.

விசில்.

வாளி விழுந்தது. சக்கரம் வலது பக்கம் சாய்ந்தது. விடு, விடுடா என்று பல்லைக் கடித்தார். விரல் இறுகிக்கொண்டது.

அப்போது வாய் தானாகத் திறந்தது.

"கீழ ஆளு இருக்கா?"

கிடங்கே சிரித்தது. மூன்றடி உயரத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது? தட்டிக்குப் பின்னாலிருந்து ஜெஃப்ரி, வாய் நிறைய கறிபாப்போடு பதில் சொன்னான்.

"யாரும் இல்லண்ணே, போடுங்க!"

விரல்கள் விரிந்தன.

உயரத்தில் வேலை செய்கிறவன் கேட்காமல் எதையும் கீழே போடமாட்டான். கீழே இருந்து பதில் வந்துவிட்டால் கை விட்டுவிடும். இருபது வருடத்துக் கை அது.

ஸ்பேனர் தரையில் மோதி, கிடங்கு முழுக்கச் சத்தம் போட்டது. சக்கரம் நிமிர்ந்தது. சிந்தியா விசிலைத் துப்பிவிட்டுக் கைதட்டிக் குதித்தாள்.

சிவநேசன் குனிந்து வணக்கம் சொல்லவேண்டிய இடம் அது. அவர் சொல்லவில்லை. சைக்கிளையும் குழாயையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, தட்டிக்குப் பின்னால் ஓடினார்.

ஜெஃப்ரி பாதி கறிபாப்போடு நின்றுகொண்டிருந்தான். சிவநேசன் அவனைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார். மறுபடியும் தலையைப் பார்த்தார்.

"என்னாண்ணே? நான் கிண்டலுக்குத்தான் சொன்னேன்."

அதற்குள் சிந்தியா மூச்சு வாங்க வந்துவிட்டாள்.

"அண்ணே, அந்தக் கேள்விய அப்படியே வெச்சுக்கலாம். சூப்பர்! டேய் ஜெஃப்ரி, நீ எல்லா ஷோவுக்கும் இங்கேருந்தே பதில் சொல்லிரு."

"சொல்லட்டும்மா," என்றார் சிவநேசன். "ஆனா மறைஞ்சு நின்னு வேணாம். என் கண்ணுக்கு முன்னால, தள்ளி நின்னு சொல்லட்டும்."

சிந்தியா ஏன் என்று கேட்கவில்லை. அப்படிச் செய்தாலும் சனம் சிரிக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. ஏழெட்டு அடி தள்ளி, ஜெஃப்ரி நிற்கவேண்டிய இடத்தில் வெள்ளை டேப் ஒட்டினாள்.

சிவநேசன் போய் அந்த டேப்பைக் காலால் அழுத்திப் பார்த்தார். பிறகு அதைப் பிய்த்தெடுத்து இன்னும் நாலடி தள்ளி ஒட்டினார்.

இரண்டு வருடத்துக்கு முன், பத்து காவான் என்ற ஊரில், ஏழாவது மாடிச் சாரத்திலிருந்து, துருப்பிடித்த இரும்புக் கிளாம்பு மூட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, அன்றைக்கும் அவர் கேட்கத்தான் செய்தார். நேர் கீழே நின்ற கையாள் நாதன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, யாரும் இல்லண்ணே, போடுங்க என்றான்.

அவன் தன்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை.