ஏழு பதினொன்று

ஏழு பதினொன்றில் படகு இல்லை.

குன்வோர் ஹெட்போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டு மறுபடியும் கேட்டாள். நவம்பர் பதினெட்டு, காலை ஏழு பதினொன்று. கடலுக்கடியில் திமிங்கிலங்கள் பேசிக்கொண்டிருந்தன. ஒன்று நீட்டி ஏதோ கேட்டது. வெகுதூரத்தில் இருந்து இன்னொன்று யோசித்துப் பதில் சொன்னது. எஞ்சின் சத்தம் மட்டும் இல்லை.

ஜன்னலுக்கு வெளியே பகல் பன்னிரண்டு மணி. துருவத்தை ஒட்டிய அந்த வடகோடியில், நவம்பர் கடைசியில் இறங்கிய சூரியன் இன்னும் மேலே வரவில்லை. மலையும், மலைகளுக்கிடையே கடல் நுழைந்த ஃபியோர்டும் ஒரே நீலத்தில் ஊறிக் கிடந்தன. ஆய்வகமே தண்ணீருக்குள் இருப்பதுபோல இருந்தது.

நவம்பர் பதினெட்டு காலைதான் சீவெர்ட் கடைசியாக மீன்பிடிக்கப் போனான். படகும் திரும்பவில்லை, புருஷனும் திரும்பவில்லை.

அவன் தினமும் போகும் வழியில், ஃபியோர்டின் வாயில், ஆய்வகம் இறக்கிய மைக் கடலடியில் கிடந்தது. செப்டம்பர் ஒன்பதாம் தேதி இரவு, வரைபடத்தில் அந்த இடத்தை விரலால் குத்திக் காட்டி அவள்தான் அவனைத் திட்டினாள்.

“உன் டப்பா எஞ்சின் போடுற சத்தத்துல திமிங்கிலம் பேசறது ஒண்ணு பதிவாகுமா? என் வேலையே நாசமாப் போகுது.”

சீவெர்ட் ரொட்டியில் மீன்முட்டைப் பசையைத் தடவிக்கொண்டிருந்தான். கடைசித் துண்டைத் தின்றுவிட்டு எழுந்து போனான்.

மைக்கைச் சென்ற வாரம் தூக்கி எடுத்தார்கள். ஏழு துடிப்புக்கு ஒருமுறை விக்கும் அந்தப் பழைய எஞ்சினின் கடைசிச் சத்தம் அதற்குள் இருந்தாக வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பதிவைப் பிரிக்கும் வேலையை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். யாரிடமும் காரணம் சொல்லவில்லை.

ஆய்வகத்துக்கு வேண்டியது திமிங்கிலக் குரல்கள் மட்டும். படகுச் சத்தத்தை ஒதுக்கிக் குரல்களைப் பிரித்துத் தரும் கணினிச் செயற்கூறு ஒன்றைப் பக்கத்து மேசை எஸ்கில் எழுதியிருந்தான். மூன்று மாதக் கடல் ஒலியை நகலெடுத்து அதனிடம் கொடுத்துவிட்டு, மூலத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம் என்றுதான் குன்வோர் முதலில் பார்த்தாள். நினைவகம் போதாமல் கணினி இரண்டு முறை மூச்சுத்திணறி நின்றது.

எஸ்கில் சிரித்தான். “திமிங்கிலத்தத் தூக்கிட்டு வந்தா காட்டுவாங்க? எங்க கெடக்குன்னு முகவரி மட்டும் குடு. அது போய்ப் பாத்துக்கும்.”

முகவரி கொடுத்தால் நகலே வேண்டாம். ஆனால் போகிறவன் அங்கே ஒன்றைத் துடைத்துவிட்டால் துடைத்ததுதான். வட்டில் இருந்ததையே நேராக நினைவகத்தில் விரித்து வைத்திருந்தார்கள்; இங்கே அழிந்தால் அங்கேயும் அழியும். இரண்டாம் பிரதிக்கு வட்டு வெள்ளிக்கிழமைக் கப்பலில்தான் வரும். அறிக்கையோ வியாழக்கிழமைக்கு.

அதனால்தான் முகவரியோடு ‘கான்ஸ்ட்’ என்று ஒரு சொல் சேர்ப்பார்கள். பார்க்கலாம், தொடக் கூடாது.

இன்று காலை அந்த வரியை எழுதும்போது குன்வோருக்குக் கண் கலங்கித் திரை மங்கிவிட்டது. அந்தச் சொல்லைப் போட்டாளா இல்லையா, நினைவில்லை. செயற்கூறை ஓட்டுவதற்கு முன்னால் அந்தக் காலையின் பதிவை ஒரு தடவை கேட்டிருக்கலாம். தைரியம் வரவில்லை.

“எஸ்கில், என் வரியக் கொஞ்சம் பாரேன். கான்ஸ்ட் இருக்கா?”

கையில் சீஸ் வைத்த வாஃபிள் அப்பத்தோடு வந்து, மென்றபடியே குனிந்து பார்த்தான்.

“இருக்கே. நான் விட்டுட்டேன்னு போன வாரம் மூணு பேர் முன்னால மானத்த வாங்குனவ, நீ விடுவியா?”

“அப்ப அது எதையும் தொடலையா?”

“தொடுற மாதிரி உள்ள ஒரே ஒரு வரி இருந்திருந்தாலும் நிரலே உருவாகியிருக்காது. கடல் என்ன குடுத்துச்சோ அது அப்படியே இருக்கு.” அவள் முகத்தைப் பார்த்தான். அதற்குமேல் கேலி செய்யவில்லை. பாதி வாஃபிளை அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

துடைக்கப்படவில்லை என்றால் படகு எங்கே? அன்று அவன் அந்த வழியாகப் போகவே இல்லையா?

ஆறு நிமிடம் பின்னால் போனாள்.

ஏழு ஐந்து. எங்கோ தொலைவில் துக், துக், துக். எண்ணினாள். ஏழாவதில் விக்கியது. அவனேதான். சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்தது.

ஏழு ஒன்பதில் நின்றது.

கவிழவில்லை, மோதவில்லை. யாரோ கைவைத்து நிறுத்தியதுபோல நின்றது. திமிங்கிலங்கள் பேசின. குன்வோர் ஒலியைக் கடைசிவரை கூட்டினாள். அவற்றின் பேச்சுக்கு அடியில், மரம் இரும்பில் உரசும் சின்ன முனகல். பிறகு நீர் விலகும் ஓசை. ஓர் இடைவெளி. மறுபடி முனகல்.

துடுப்பு.

அது மைக்கின் தலைக்கு மேலே மெல்ல வந்து, மெல்லக் கடந்தது. ஏழு பதினான்கில் எஞ்சின் இருமி உயிர்பெற்று வெளிக்கடலை நோக்கிப் போனது.

குன்வோர் பதினேழாம் தேதியைத் திறந்தாள். அங்கேயும் துடுப்பு. பதினாறிலும் அதே. அக்டோபருக்குப் போனாள், செப்டம்பருக்குப் போனாள். வாஃபிளின் மேல் பழுப்புச் சீஸ் ஆறி இறுகிக்கொண்டிருந்தது.

செப்டம்பர் ஒன்பது வரை அந்த எஞ்சின் மைக்கின் தலைமேலேயே அதிர்ந்துகொண்டு போயிருந்தது.

பத்தாம் தேதியில் இருந்து துடுப்பு.