கல்யாணத் தட்டு

துணி மூட்டையை மேஜைமேல் வைத்துப் பிரித்தாள் சபீனா. நீலப் பறவை வரைந்து சுவரில் மாட்டும் பூவேலைப் பீங்கான் தட்டு ஒன்று, ஏழு துண்டுகளாக உள்ளே கிடந்தது.

"தூசி தட்டுறப்போ ஆணியிலேர்ந்து நழுவிடுச்சு மாஸ்டர். என் மாமியாரோட கல்யாணத் தட்டு. பெருஜாவுல அவங்க தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்காங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துடுவாங்க. அதுக்குள்ள அச்சு அசலா இதே மாதிரி வேணும்."

இத்தாலியின் தெரூத்தா ஊரில் தட்டு வரைவதையே தொழிலாகக் கொண்ட க்வால்தியேரோ, தூரிகையைக் கீழே வைத்தார்.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை. வரையணும், சூளையில வைக்கணும், ஆறணும். இதென்ன சூப்பா, உடனே கிண்டிக் கொடுக்க? ஒரு வாரம் ஆகும்மா."

"போச்சு! 'நாப்பது வருஷமா ஒரு கீறல் கிடையாது, உன் கை மட்டும் பட்டுடக் கூடாது'ன்னு தினமும் குத்திக் காட்டுவாங்க மாஸ்டர்."

அவர் துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தார். 'இனெஸ் – எலியோ, 1983' என்று மணமக்களின் பெயரும் ஆண்டும் இருந்தன. எழுந்து உள்ளே போனவர், முழுத் தட்டோடு திரும்பினார். அதே பறவை, அதே நீலம், அதே பெயர்கள்.

"எப்படி மாஸ்டர்?"

"சூளையில ஒண்ணு வெடிச்சா இன்னொண்ணு இருக்கட்டும்னு எப்பவும் ரெண்டா வரைவேன். பேர் போட்டதை வேற யாருக்கு விக்கிறது? ஆறு வருஷமா பரண்லயே கிடந்துச்சு."

"ஆறு வருஷமா? அது நாப்பது வருஷத்துத் தட்டாச்சே!"

"அதை உடைச்சுட்டு, உங்க மாமியாரும் இப்படித்தான் மூட்டை கட்டிக்கிட்டு வந்தாங்க" என்றார் அவர், தட்டைக் காகிதத்தில் சுற்றியபடி. "மருமகளுக்கு மட்டும் தெரியவே கூடாதுன்னு கெஞ்சினாங்க."