மொட்டை மாடிச் சாவி

"சாவி தர முடியாதும்மா. சொன்னா சொன்னதுதான்."

குடியிருப்பின் செயலாளர் மாடிப்படியை மறித்துக்கொண்டு நின்றார். எழுபதை நெருங்கும் வயது. இஸ்திரி கலையாத சட்டை.

சர்வேயர் அம்மாவுக்கு நிற்கவே தெம்பில்லை. காலையிலிருந்து இது ஒன்பதாவது கட்டடம். அனுமதியில்லாமல் மொட்டை மாடியில் கட்டிய அறைகளை ட்ரோன் பறக்கவிட்டுக் கணக்கெடுக்கிற வேலை. இங்கே ட்ரோன் மேலே போன வேகத்தில் ஒரு பருந்து வந்து மோதியது. ட்ரோன் ஆறு மாடிக்கு மேலே, மொட்டை மாடியில் எங்கேயோ விழுந்துவிட்டது.

"சார், அது ஆபீஸ் ட்ரோன். அது இல்லாம நான் திரும்பிப் போக முடியாது."

"நான் போய் எடுத்துட்டு வர்றேன். நீங்க இங்கேயே உட்காருங்க."

"பேட்டரி நசுங்கியிருந்தா தீப்பிடிக்கும். உங்களைத் தனியா அனுப்ப மாட்டேன்."

தரைத்தள வீட்டு வாசலில் சக்கர நாற்காலியில் இருந்த பிளம்பர் குறுக்கிட்டார்.

"ஐயாவை மாடி ஏற வைக்காதீங்க மேடம். முட்டி வலி. பொண்ணு வீட்லேருந்து தினமும் பஸ் பிடிச்சு வந்து எங்க எல்லாருக்கும் ஓடறார். இன்னொரு நாள் பார்த்துக்கலாமே?"

"இன்னொரு நாளா? அப்ப ஆபீசுக்கு போன் போடறேன். ஆளோட வந்து பூட்டை உடைப்பாங்க. பரவாயில்லையா?"

செயலாளரின் முகம் சுண்டிப்போனது. திரும்பிப் படியேறினார்.

லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம். மூன்றாவது மாடியில் அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சர்வேயர் அம்மாவும் இரண்டு படி கீழே உட்கார்ந்தாள். பாதம் எரிந்தது.

'இந்த வயசுல இவ்வளவு அடம்னா, மேலே ஏதோ வில்லங்கம் இருக்கு' என்று நினைத்துக்கொண்டாள்.

இருந்தது.

தண்ணீர்த் தொட்டியை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஓர் அறை. அந்தக் கூரை மேல்தான் ட்ரோன் மல்லாந்து கிடந்தது.

செயலாளர் இடுப்பிலிருந்து இன்னொரு சாவியை எடுத்து அறையைத் திறந்தார். ஒரு முக்காலியும் துணி காயப்போடும் கம்பும் எடுத்துவந்தார். அவர் முக்காலியைப் பிடித்துக்கொள்ள, அவள் ஏறிக் கம்பால் மெல்ல இழுத்து ட்ரோனைக் கையில் வாங்கினாள். ஓர் இறக்கை மட்டும் உடைந்திருந்தது.

இறங்கும்போது திறந்த கதவு வழியே பார்த்தாள். ஒற்றைக் கட்டில். ஒரு அடுப்பு. ஆணியில் கண்ணாடி.

"இதான் விஷயமா? யாருக்கு வாடகைக்கு விட்டிருக்கீங்க?"

"யாருக்கும் இல்லம்மா."

"பூசி மெழுகாதீங்க சார். ஆள் குடியிருக்கிற ரூம் இது. பார்த்தாலே தெரியுது."

"நான்தான் இருக்கேன்."

அவள் நம்பவில்லை. "நீங்க பொண்ணு வீட்டுல இருக்கிறதா கீழே அவர் சொன்னாரே?"

"பொண்ணு வெளிநாட்டுல இருக்கா. வருஷத்துக்கு ரெண்டு போன்." அவர் முக்காலியில் உட்கார்ந்தார். "இது பிளம்பர் இருந்த ரூம். அவனும் பொண்டாட்டியும். போன வருஷம் தொட்டி கழுவறப்போ விழுந்துட்டான். இடுப்புக்குக் கீழே ஒண்ணும் இல்ல. ஆறு மாடி எப்படி ஏறுவான்? கீழே இருக்கிறது என் வீடு. பொண்ணு கூப்பிடறா, வீடு சும்மா கிடக்கப்போகுது, நீ பார்த்துக்கடான்னு பொய் சொல்லி உள்ளே ஏத்திட்டேன்."

"அவருக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா அன்னிக்கே பெட்டியைக் கட்டிடுவான். ரோஷக்காரன். அதான் சாயங்காலமானா கேட்டைத் தாண்டிப் போய், ஒரு சுத்து சுத்திட்டு, பின்படிக்கட்டு வழியா ஏறிடுவேன். காலையிலயும் அதே கூத்துதான்." சிரிக்கப் பார்த்தார், மூச்சு வாங்கியது. "ரூமை எழுதிக்குங்கம்மா, அது உங்க வேலை. யார் இருக்காங்கன்னு மட்டும் கீழே சொல்லிடாதீங்க."

எழுதினால் இடித்துவிடுவார்கள். எழுதாவிட்டால் அவள் தலை உருளும். ட்ரோனை அணைத்துக்கொண்டு இறங்கினாள். செயலாளர் ஒவ்வொரு படியாகப் பின்னால் வந்துகொண்டிருந்தார். இரண்டு மாடி பின்தங்கிவிட்டார்.

கீழே பிளம்பர் கையசைத்து அவளை அருகில் அழைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மேலே இருக்கிற ரூமை எழுதிட்டீங்களா மேடம்?"

"ஏன் கேக்கறீங்க?"

"இடிச்சுட்டா ஐயா எங்கே போவார்?"

"உங்களுக்கு... தெரியுமா?"

"வந்த ரெண்டாவது வாரமே தெரிஞ்சுபோச்சு. ராத்திரி பின்படிக்கட்டுல அவர் செருப்புச் சத்தம் கேட்டுது."

"அவர்கிட்ட சொல்லலாமே?"

"சொன்னா நான் காலி பண்ணணும். இல்லேன்னா அவர் என் முன்னாடி கூசிப்போய் நிக்கணும். எனக்கும் போக்கிடம் இல்ல மேடம். தெரியாத மாதிரியே ஓட்டிட்டு இருக்கேன்."

படியில் காலடிச் சத்தம் நெருங்கியது. அவள் கைக்கணினியைத் திறந்தாள். 'மொட்டை மாடியில் கட்டுமானம்' என்ற இடத்தில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு 'இல்லை' என்பதைத் தொட்டாள். பிளம்பர் பார்க்கும்படி திரையைத் திருப்பிக் காட்டினாள்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பின்படிக்கட்டு ரொம்ப இருட்டு மேடம். ராத்திரி பூரா அந்த லைட்டை நான்தான் எரியவிடறேன். 'அணைக்க மாட்டியாடா பொறுப்பில்லாதவனே'ன்னு தினமும் காலையில வந்து திட்டுவார். மறந்துட்டேங்கய்யான்னு வாங்கிக்குவேன்."