பொது டம்ளர்

"எழுபது கப் டீச்சர். நானே எண்ணிப் பாத்தேன். நாகலெட்சுமி வீட்டுக்குப் பின்னால சாக்குல கட்டி வச்சிருக்கு," என்றார் கணேசமூர்த்தி.

தனுஷிகா குறிப்புப் புத்தகத்தைத் திறந்தாள். லிந்துலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் அவள் முன்பள்ளி ஆசிரியை. தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான மேட்டு லயமும் பள்ளத்து லயமும் சேர்ந்து அமைத்த சுற்றாடல் குழுவுக்குச் செயலாளர். கணேசமூர்த்தி தலைவர்.

குழு தொடங்கக் காரணம் போன வருஷத்து மழை. விசேஷ வீடுகளில் வீசிய, தட்டில் விரிக்கும் லஞ்ச் ஷீட்டும் பிளாஸ்டிக் கப்பும் கழிவுநீர்க் கானை அடைத்துக்கொண்டு, பள்ளத்து லயத்தில் ஆறு வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. ஒரு கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியதை இன்றைக்கும் பேசுகிறார்கள்.

அதற்குப் பிறகுதான் தனுஷிகா வீடு வீடாகப் போய்ப் பேசி, நூற்றிருபது எவர்சில்வர் தட்டும் டம்ளரும் வாங்க வைத்தாள். முன்பள்ளி அலமாரியில் இருக்கும். யார் வீட்டில் நல்லது கெட்டது என்றாலும் எடுத்துப் போகலாம். கழுவித் திருப்பி வைத்தால் போதும். பிளாஸ்டிக் கப் வாங்கக் கூடாது. இந்த வருஷம் கான் ஒரு தடவைகூட அடைக்கவில்லை.

இப்போது சட்டத்தை மீறியிருப்பவள் நாகலெட்சுமி. அவள் கணவர் கந்தப்பன் இரண்டு லயத்துக்கும் கானும் கக்கூஸும் சுத்தம் செய்தவர். எலிக்காய்ச்சல் வந்து இறந்துபோனார். வியாழக்கிழமைதான் கருமாதி முடிந்தது.

"துக்க வீடு. இந்த ஒரு தடவ விட்டுடலாமே," என்றாள் தனுஷிகா.

"இன்னைக்கு ஒருத்தர விட்டா நாளைக்கு எல்லாரும் கப் வாங்குவாங்க டீச்சர். நான் கருமாதிக்குப் போயிருந்தேன். அந்தக் கப்புலதான் தேத்தண்ணி குடிச்சேன். குடிக்கிறப்பவே மனசு கேக்கல."

இரண்டு ஞாயிற்றுக்கிழமை நாகலெட்சுமி கானைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று குழுவில் முடிவானது. அதைச் சொல்லத் தனுஷிகாவே போனாள்.

தூறிக்கொண்டிருந்தது. நாகலெட்சுமி விறகை உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நனையிறீங்களே டீச்சர், உள்ள வாங்க."

"இல்லக்கா, சப்பாத்தெல்லாம் சேறு. இங்கயே நிக்கிறேன்."

கூரை ஓரமாக ஒதுங்கிக்கொண்டு தனுஷிகா பேசினாள்.

"கோவமாப் பேச வரலக்கா. ஆனா கேக்காம இருக்க முடியல. அலமாரியில அத்தன டம்ளர் சும்மா கெடக்கு. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே தூக்கிட்டு வந்திருப்பேன்."

"தெரியும் டீச்சர்."

"அன்னைக்கு மழையில அண்ணன் நெஞ்சளவு தண்ணியில நின்னு அந்தக் கப்பெல்லாம் இழுத்துப் போட்டாரு. அவரு கருமாதிக்கே பிளாஸ்டிக் கப்பா?"

நாகலெட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள்.

"தப்புத்தான். கான்ல ஒண்ணுகூட விழ விடல. பொறுக்கிக் கழுவிச் சாக்குல கட்டிட்டேன். டவுன்ல பழசு எடுக்குற ஹமீத் நானாகிட்ட குடுத்துருவேன்."

"ரெண்டு ஞாயிறு கான் சுத்தம் பண்ணணும்னு குழுவுல சொல்லிட்டாங்க."

"பண்ணிர்றேன். எங்களுக்கு அது பழக்கந்தானே."

எதிர்த்து இரண்டு வார்த்தை பேசியிருந்தால் தனுஷிகா திரும்பிப் போயிருப்பாள். இந்தப் பணிவு அவளைப் போக விடவில்லை.

"எல்லாம் தெரிஞ்சிருந்தும் ஏங்க்கா வாங்கினீங்க?"

நாகலெட்சுமி கையிலிருந்த விறகைக் கீழே வைத்தாள்.

"தையில மகளுக்குச் சடங்கு வச்சோமே. அந்த டம்ளர மொத மொத வாங்கிட்டுப் போனது நாந்தான்."

"ஞாபகம் இருக்கு. புதுசு மாதிரி பளபளன்னு திருப்பிக் குடுத்தீங்க."

"புதுசாத்தான் டீச்சர் இருந்துச்சு. கழுவ வேண்டியதே இல்ல."

தனுஷிகாவுக்குப் புரியவில்லை.

"ரெண்டு லயமும் வந்துச்சு. குத்தம் சொல்லக் கூடாது, பிள்ளைய நல்லா வாழ்த்தினாங்க. தேத்தண்ணிய நீட்டினா மட்டும், இப்பத்தான் குடிச்சிட்டு வந்தோம்னாங்க. கக்கூஸ் கழுவுற வீட்டுல ஊத்துன தேத்தண்ணி, எங்க கை பட்ட டம்ளரு. வாயில வைக்க முடியல அவங்களால. ஒரு பான தேத்தண்ணிய அவருதான் தூக்கிட்டுப் போயி கீழ கொட்டினாரு. ரெண்டு நாளைக்கு யாரோடயும் பேசல."

தூறல் பலத்தது. நாகலெட்சுமியின் குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"அதான் இந்தத் தடவ டவுன் கடையில தேத்தண்ணி போட வச்சு கேன்ல கொண்டாந்தேன். கடைக்காரப் பையனையே கப்புல ஊத்திக் குடுக்கச் சொன்னேன். நான் அந்தப் பக்கமே போகல. அவருக்காக வந்தவங்க ஒரு வாயாவது குடிச்சிட்டுப் போகணும்னு இருந்துச்சு டீச்சர். எல்லாரும் குடிச்சாங்க."

தனுஷிகாவுக்கு முகம் சிவந்துவிட்டது. குறிப்புப் புத்தகத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தாள்.

"அந்தச் சடங்குல யார் யாரு குடிக்க மாட்டேன்னாங்க? பேரச் சொல்லுங்கக்கா. கானச் சுத்தம் பண்ண வேண்டியது நீங்க இல்ல. குழுவக் கூட்டி ஒவ்வொருத்தரா நிக்க வச்சுக் கேக்குறேன்."

நாகலெட்சுமி பதறிப்போய் அவள் கையைப் பிடிக்க வந்தவள், பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

"வேணாம் டீச்சர். யாரும் வேணும்னு செய்யல. அவங்கவங்களுக்கு ஒரு காரணம் இருந்திருக்கும். நீங்ககூட அன்னைக்கு விரதம்னு சொன்னீங்க."

அன்றைக்கு என்ன விரதம் என்று தனுஷிகா யோசித்துப் பார்த்தாள். எழுதத் திறந்த பேனா அப்படியே நின்றது.