மாப்பிள்ளையின் பூர்வீகம்

"இத்தாலிக்கு டிக்கெட் போட்டாச்சாம்மா?" பக்குரங்கா புறநகரில், தன் வீட்டு சோபாவில் உட்கார்ந்து, வாயெல்லாம் பல்லாக அப்பா கேட்டார்.

"பார்த்துட்டிருக்கோம்ப்பா" என்றாள் மஹதி.

அவள் கணவன் லூக்கா, தன் பூர்வீகக் கிராமத்துப் படத்தை செல்லில் காட்டினான். "கொள்ளுத்தாத்தா மாட்டுத்தோல் பதனிட்ட தொட்டி இதுதான். இதைப் பார்க்கத்தான் போறோம்."

"தொழில்ல என்ன மாப்பிள்ளை உசத்தி, தாழ்த்தி? மஹதி, அந்தத் தொட்டியைத் தொட்டுக் கும்பிட்டுட்டு வா." லூக்கா குடித்த காபிக் கோப்பையை அப்பாவே எடுத்துப்போய்க் கழுவினார்.

மஹதி அந்தக் கோப்பையையே பார்த்தாள்.

லூக்காவுக்கு முன்பு அவள் காதலித்த இனியனும் இதே சோபாவில்தான் உட்கார்ந்தான். தன் தாத்தா திண்டுக்கல்லில் தோல் பதனிட்டவர் என்று சொன்னான். அவன் வாசல் தாண்டியதும், அவன் குடித்த கோப்பையை அப்பா குப்பையில் போட்டார்.