ரப்பர் செருப்பு கேட்ட கேள்வி

கல்யாண மண்டப வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. நல்ல மழை. ஓரத்தில் கிடப்பதைத் தண்ணீர் சாக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனது.

"நான் தினமும் கோயிலுக்குப் போகிறவன். மேலே விழாதே!" என்றது தோல் செருப்பு.

"நான் வியாழன் தவறாமல் தர்காவுக்குப் போகிறவன். நீ தள்ளிப் படு," என்றது பூட்ஸ்.

"ஞாயிறுதோறும் மாதா கோயிலுக்குப் போகிறவள் நான். இரண்டு பேரும் நகருங்கள்," என்றது குதிகால் உயர்ந்த செருப்பு.

பிறகு மூன்றும் சேர்ந்துகொண்டு, பூக்கார மாடசாமியின் ரப்பர் செருப்பை ஓரத்துக்குத் தள்ளின.

"நீ எந்த இடத்துக்குப் போகிறவன்டா?"

"மூன்றுக்கும். பூ கொடுக்க."

"அப்படியென்றால் எங்களில் யாருக்கும் நீ சொந்தமில்லை. போ!"

ரப்பர் செருப்பின் வாரைத் தண்ணீர் தொட்டது. பல வருடமாக மனதில் வைத்திருந்ததை அது அப்போது கேட்டுவிட்டது.

"அண்ணாச்சிமாரே, அக்கா, உள்ளே என்ன இருக்கிறது? ஒருநாளாவது பார்த்திருக்கிறீர்களா? மூன்று இடத்திலும் நம்மை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டுத்தானே போகிறார்கள்!"

முதலில் பூட்ஸ் நகர்ந்தது. "ஏறி வாரும் அண்ணாச்சி."

ரப்பர் செருப்பு குவியலின் உச்சியில் ஏறி, காலை நீட்டிப் படுத்தது.

"இன்னும் கொஞ்சம் நகருங்கள். என் ஜோடியும் வர வேண்டும்."